மார்ச் முப்பத்தொன்று

மலையில் பனி உருகி
ரியோனி ஆறு கலங்கும்போதுதான்
ஸ்டர்ஜன் கருங்கடலை விட்டு ஏறி வரும்.
ஏப்ரல் பாதியில். சில வருடம் மே.
என் ஒப்பந்தம் மார்ச் முப்பத்தொன்றில் முடிகிறது.

மூன்று வருடமாய் இப்படித்தான்.
மீன் வராத மாதங்களுக்குச் சம்பளம்,
வரும் மாதங்களுக்கு
'புதுப்பித்தல் பரிசீலனையில் உள்ளது' என்றொரு கடிதம்.
அன்புள்ள டாக்டர் சிசானா என்று தொடங்கும்.
அந்த அன்பை மட்டும்
எந்த நிதிக்குழுவும் வெட்டியதில்லை.

ஜனவரியில் எழுபத்திரண்டு முறை வலை இழுத்தோம்.
ஒரு ரப்பர் பூட்ஸ் கிடைத்தது, இடது கால்.
அதையும் அட்டவணையில் ஏற்றினேன்.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம்:
'உங்கள் ஆய்வால் எத்தனை பேர் பயனடைவார்கள்?'
பேர் என்று கேட்டிருந்தார்கள்.
முதுகில் எலும்புத் தகடும்
மூக்கடியில் நான்கு மீசையும் உள்ளவரைச்
சேர்க்கலாமா என்று யோசித்துவிட்டு
பன்னிரண்டாயிரம் என்று எழுதினேன்.
கரையோரக் கிராமங்களின் கணக்கு அது.
அவர்களில் பாதிப்பேர் போலந்தில் கட்டட வேலையில்.

இன்னொரு கட்டம்:
'திட்டக்காலம் முடிந்தபின் இது எப்படித் தொடரும்?'
ஒரு பெண் ஸ்டர்ஜன் முதல் முட்டையிடவே
பத்துப் பதினைந்து வருடம் ஆகும் என்று எழுதி
அழித்தேன்.
இருநூறு சொல்லுக்குள் முடிக்கச் சொல்லியிருந்தார்கள்.

ஏப்ரல் ஒன்பது. திபிலிசி.
பாட்டில் தண்ணீர் நிறுவனம் ஒன்றின் நடைக்கூடம்.
தரக்கட்டுப்பாடு, நிரந்தர வேலை,
பல்லுக்கும் சேர்த்துக் காப்பீடு.
எனக்கு முன்னால் இருவர்.
ஒருத்தி நன்னீர் நத்தைகளில் முனைவர்.
மற்றவன் எதிலும் இல்லை,
அவனுக்குத்தான் கிடைக்கும் என்றாள் நத்தைக்காரி.

போன் அதிர்ந்தது. முர்தாஸ்.
ஒரு காலத்தில் திருட்டு கேவியர் விற்றவர்,
பிறகு நாள்கூலிக்கு எங்களோடு வலை பார்த்தவர்.
பதினோரு நாள் கூலி இன்னும் பாக்கி.
அதைக் கேட்கப்போகிறார் என்று பயந்துகொண்டே எடுத்தேன்.

'குட்டி ஒன்று மாட்டியிருக்கு.'
'குட்டியா?'
'குட்டிதான். இங்கேயே பிறந்தது.'

'இனப்பெருக்கத்துக்குச் சான்று கிடைக்கவில்லை' என்று
அறிக்கைக்கு அறிக்கை எழுதிய கை
பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

'என்ன செய்யட்டும்?' என்றார்.
மீனைத் தொடும் அனுமதியும் முப்பத்தொன்றோடு காலாவதி.
அளவுப் பலகை அலுவலகத்தில்,
அலுவலகச் சாவி ஒப்படைத்தாயிற்று.
'தண்ணீரை விட்டு வெளியே எடுக்காதீர்கள்.
எதையாவது வைத்து அளந்துவிட்டு விட்டுவிடுங்கள்.'
'எதை வைத்து?'
எனக்கும் தெரியவில்லை.
கொஞ்ச நேரம் ஆற்றின் இரைச்சல்.
பிறகு எங்கோ ஒரு பக்கிள் அவிழும் சத்தம்.

உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள்.
நல்ல தண்ணீர் என்றால் என்ன என்று கேட்டார்கள்.
உள்ளே எதுவுமே இருக்கக் கூடாது.
அதுதான் சரியான விடை.
அதைத்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை, மினிபஸ் ஓட்டுநர்
செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை நீட்டினார்.
பழுப்புத் தோல் பெல்ட்.
பக்கிளிலிருந்து முப்பத்துநான்கு சென்டிமீட்டரில்
கத்தியால் ஒரு கீறல்.
சேற்று வாடை இன்னும் போகவில்லை.

மடிக்கணினியில் பழைய அட்டவணையைத் திறந்தேன்.
ஒப்பந்த எண் கேட்டது, தாண்டிப்போனேன்.
நீளம்: 34. எடை: தெரியாது.
அளவுக் கருவி என்ற இடத்தில் சற்று நின்று
பெல்ட் என்று போட்டேன்.
ஆய்வாளர்: முர்தாஸ் ஜிகியா.

பொட்டலத் தாளின் ஓரத்தில்
பென்சிலால் இரண்டு வரி இருந்தது.
'கூலி மெதுவாய் வரட்டும்.
பெல்ட்டை உடனே அனுப்பு.'